தாமல் லைன் இருக்குது

அடியே தாமல்,

காலையிலிருந்து ஒரே வரியைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துப் போய்விட்டது. கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் சொல்கிறது. தமிழில் சொன்னால், "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்று வரும். இல்லையாம். நேற்று சாயங்காலம் வரைக்கும் இருந்தது, கரண்ட் ஒரு நொடி போய் வந்தது, இப்போது அப்படி ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லை என்பது போல முகத்தில் அடித்துச் சொல்கிறது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வருகிறது.

என் தம்பி மகள் செல்வியை உனக்குத் தெரியும். சின்ன காஞ்சிபுரத்தில் கடை போட்டிருக்கிறாள். புடவைக்கு பார்டர் டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அது தறியில் விழுவதற்கு வேண்டிய ஓட்டை போட்ட ஜக்கார்டு அட்டைகளை ஒரு மெஷினில் குத்திக் கொடுக்கிற வேலை. அந்த மெஷின் ஒரு வயரில் கம்ப்யூட்டரோடு சேர்ந்திருக்கிறது. அதை ஓட்டுகிற புரோகிராம் பழசு, அது ஓடுகிற இயங்குதளம் அதைவிடப் பழசு. புதிதாக மாற்றடி என்றால் மாற்றினால் மெஷின் பேசாது அத்தை என்கிறாள். கம்ப்யூட்டருக்கு பேட்டரி உண்டு, மெஷினுக்கு இல்லை; கரண்ட் கொஞ்சம் தடுமாறினாலும் மெஷின் மட்டும் அணைந்து திரும்ப வருகிறது. உடனே எனக்குப் போன். நான் ரிடையர் ஆனவள், மூட்டு வலிக்காரி, ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கி வர வேண்டும். நம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் தானியங்கியாக மாறியபோது உட்கார போர்டு இல்லாமல் போன எங்களில் சிலரைக் கம்ப்யூட்டர் பக்கம் தள்ளிவிட்டார்கள் அல்லவா, அந்தப் பாவத்தை இன்னும் அனுபவிக்கிறேன்.

விஷயம் என்னவென்று உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். உனக்கு நன்றாகவே புரியும். இந்த இயங்குதளத்தில் எதைக் கொண்டுவந்து சொருகினாலும் அதற்கு ஒரு பெயர் எழுதி ஓரிடத்தில் வைத்துவிடும். கருவிக்கோப்பு என்று அதற்குப் பெயர். நம் போர்டில் ஒவ்வொரு துளைக்கும் அடியில் ஒட்டியிருந்த பேர் சீட்டுதான், வேறொன்றுமில்லை. அந்தப் பெயரைச் சொல்லித்தான் புரோகிராம் மெஷினோடு பேச முடியும். மெஷினைப் பிடுங்கினால் இயங்குதளம் அந்த நொடியே சீட்டைக் கிழித்துப் போட்டுவிடும். திரும்பச் சொருகினால் புதிதாக எழுதும்.

இதுவரைக்கும் சரி. ஆனால் திரும்பி வந்த மெஷினுக்குப் பழைய பெயர் கிடைப்பதில்லை. பூஜ்ஜியம் என்ற எண்ணோடு போனது ஒன்று என்ற எண்ணோடு வந்து நிற்கிறது. புரோகிராமோ பூஜ்ஜியத்தைத் தேடிவிட்டு இல்லை என்று கையை விரிக்கிறது. பாதி குத்திய அட்டைக் கட்டு மேசை மேல் கிடக்கிறது, அங்கே ஒரு தறி இந்த அட்டைக்காகச் சும்மா நிற்கிறது. ஏன் பழைய எண்ணைத் தர மறுக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் இன்று மத்தியானம் கண்டுபிடித்தேன். புரோகிராம் அந்தப் பழைய பெயரைப் பிடித்த பிடியை விடவில்லை. மெஷின் போய்விட்டது, மறுபக்கம் யாருமே இல்லை, ஆனாலும் பிளக்கைச் சொருகி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அது பிடித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. திரும்பி வந்த மெஷினுக்கே கொடுக்க முடியாது.

அது தெரிந்ததும் வாய்விட்டே திட்டிவிட்டேன். செல்வி பயந்துபோய், "யாரை அத்தை திட்டிக்கினு இருக்க?" என்றாள்.

வேறு யாரை, தாமல், உன்னைத்தான்.

அந்த எழுபதுகளில் காஞ்சிபுரத்தில் யாராவது நம்பர் சொல்லிப் போன் கேட்டார்களா? நம்பர் என்ன என்று நாம் கேட்டால் அவர்களுக்குக் கோபம் வரும். முக்கு வீட்டு ஜரிகைக் கடையைக் குடுமா என்பார்கள். டாக்டரம்மா வீட்டைக் குடு, கோயில் பக்கத்து மண்டியைக் குடு. யாராவது போனை எடுத்தால் போர்டில் அவர்கள் பெயருக்கு மேல் குட்டி ஷட்டர் ஒன்று டப்பென்று விழும், நாம் பிளக்கைச் சொருகிக் கேட்போம், இன்னொரு பிளக்கை எடுத்து அவர்கள் சொன்ன பெயருக்கு அடியில் சொருகுவோம். நம்பர் இலாகாவுக்கு. பெயர்தான் ஊருக்கு. பேர் சீட்டு ஒன்று விழுந்துவிட்டால் அந்த வீடே ஊரில் இல்லாத மாதிரிதான்.

நீயும் நானும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தோம். உன் அப்பா தாமலில் பிறர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். என் அப்பா ஐயம்பேட்டையில் நிலம் வைத்து ஆள் விட்டு உழுதவர். ஊரில் இருந்திருந்தால் நாம் ஒரே பாயில் உட்கார்ந்திருக்க மாட்டோம். போர்டுக்கு முன்னால் முழங்கை இடிக்க இடிக்க உட்கார்ந்தோம். நான் உன்னைத் தாமல் என்றேன், நீ என்னை ஐயம்பேட்டை என்றாய். அதற்குப் பிறகு நாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதே கிடையாது. உன் டிபன் டப்பாவிலிருந்து எனக்கு நெத்திலிக் குழம்பு வரும். அதை நான் வீட்டில் சொன்னது இல்லை.

உன்னிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. லைன் கிடைக்கத் தாமதமானால் "தயவுசெய்து காத்திருங்கள்" என்று சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. நானெல்லாம் பாடம் ஒப்பிப்பது போல அதைச் சொல்வேன். நீ "இரு" என்பாய். மொட்டையாக, ஒரே வார்த்தை. பிளக்கை விரலால் தட்டிக்கொண்டே, "இரு, இரு." ஒரு நாள் பட்டுக் கடை முதலாளி ஒருவர் நேரிலேயே வந்து நின்றுவிட்டார். யாரைப் பார்த்து யார் இரு என்பது என்று அவர் கேட்ட தொனியில் உன் ஊர், உன் தெரு, உன் அப்பாவின் கூலி எல்லாம் இருந்தது. நான் உன் முந்தானையைப் பிடித்து இழுத்து மன்னிப்புக் கேளுடி என்றேன். நீ எழுந்து நின்று, மிகவும் பணிவாக, "உங்கள சொல்லல சார். லைன சொன்னேன். கொரல் அறுந்துடும் போல இருந்துது, அதான் இருன்னேன்" என்றாய். அவர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. பிறகு கவனித்துப் பார்த்தபோது நீ யாரும் பேசாத லைனிடம்கூட அதைச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

அந்தக் கார்த்திகை மழையைச் சொல்ல வேண்டும். காற்றும் சேர்ந்து அடித்ததில் தாமல் பக்கம் டெலிபோன் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. தாமலுக்கு இருந்தது ஒரே ஒரு போன், உன் ஊர் போஸ்ட் ஆபீசில். ஏரி நிரம்பிக் கரை கசிந்தால் டவுனுக்குச் சொல்ல அதுதான். பிரசவ வலி எடுத்தவளுக்கு வண்டி கேட்கவும் அதுதான். உன் அண்ணியின் முதல் குழந்தை நேரத்தில் அந்தப் போன் இல்லாதிருந்தால் இரண்டு பேருமே மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

மேலேயிருந்து உத்தரவு வந்தது. அதிகம் பேச்சு இல்லாத லைன் என்பதால் தாமலைப் போர்டிலிருந்து எடுத்துவிடலாம், அந்தத் துளையைக் காத்திருப்பவர்களில் அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அடுத்தவர் யார்? உன்மேல் புகார் சொன்ன அதே பட்டுக் கடைக்காரர். கல்யாண முகூர்த்தங்கள் தொடங்குமுன் கடைக்கு இன்னொரு போன் வேண்டும் அவருக்கு.

லைன்மேனைப் பிடித்து நீ கேட்டாய். அவர் ஒளிக்காமல் சொன்னார்: போர்டில் பெயர் இருந்தால் அது பழுது, பழுது என்றால் அவரே கம்பி கட்டலாம், யாரையும் கேட்க வேண்டாம். பெயரை எடுத்துவிட்டால் அது புது லைன், தாமல் புதிதாக விண்ணப்பம் போட்டு வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். வரிசை எப்போது நகரும் என்று அவருக்கே தெரியாது. ஆனால் கம்பத்தை இப்போது நட முடியாது, வயலெல்லாம் தண்ணீர், வடிந்தால்தான் குழி எடுக்க முடியும்.

ஆக, தண்ணீர் வடிகிற வரைக்கும் அந்தத் துண்டுக் காகிதம் அந்தத் துளைக்கு அடியில் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு ஊருக்குப் போன் இருக்குமா இருக்காதா என்பது அவ்வளவில் நின்றது. நீ அதை உன் தலையில் போட்டுக்கொண்டாய்.

சூப்பர்வைசர் தாமல் சீட்டைக் கிழிப்பார். அவர் காபிக்குப் போய்த் திரும்புவதற்குள் அங்கே புதுச் சீட்டு ஒட்டியிருக்கும், முன்னதைவிடப் பெரிய எழுத்தில். ஒட்டுவதற்கு உன் டிபன் டப்பாவிலிருந்து ஒரு பருக்கை சோறு. அவர் என்னைப் பார்ப்பார், நான் ஹெட்செட்டைச் சரி செய்துகொள்வேன். உனக்கென்னடி வந்தது என்று நான் கேட்டபோது நீ சொன்னதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"கம்பம்தான் சாஞ்சிக்கினு கெடக்குது. ஊரு சாயலையே."

சீட்டோடு விட்டாயா? துளையையே மாற்றிப் பட்டுக் கடைக்குக் கொடுக்க மெக்கானிக் வருகிறார் என்று தெரிந்ததும் உனக்கு இன்னொரு யோசனை வந்தது. பிளக் சொருகியிருக்கும் துளையில் மெக்கானிக் கை வைக்கக் கூடாது. பேச்சு நடந்துகொண்டிருக்கலாம். அது எழுதப்பட்ட விதி. நீ ஒரு பிளக்கை எடுத்துத் தாமல் துளையில் சொருகினாய், அப்படியே விட்டுவிட்டாய். கம்பி அறுந்து சேற்றில் கிடக்கிறது, மறுபக்கம் தவளைதான் இருக்கும். மெக்கானிக் வந்து பார்த்தார், பிளக் இருக்கிறது, திரும்பிப் போனார். மறுபடியும் வந்தார், மறுபடியும் போனார். என்ன இது என்று சூப்பர்வைசர் கேட்டால், பழுதான லைனைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன் என்றாய். சோதிப்பதற்கும் விதி இருக்கிறதே, அவரால் என்ன சொல்ல முடியும்?

கஷ்டம் யாருக்கு? எனக்கு. தை பிறந்துவிட்டது. பட்டுக் கடைகளுக்கெல்லாம் டிரங்க் கால் மேல் டிரங்க் கால், சென்னையிலிருந்து, பெங்களூரிலிருந்து. நம் போர்டில் பிளக்குகளே குறைச்சல். அதில் ஒன்றை நீ தவளைக்குக் கொடுத்துவிட்டாய். எந்தப் பேச்சு முடியும், எந்தப் பிளக்கை எடுக்கலாம் என்று நான் ஒரு கையைத் தயாராக வைத்துக்கொண்டு இன்னொரு கையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பேன். ஷட்டர்கள் விழுந்துகொண்டே இருக்கும். பிடுங்குடி அதை என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன். நீ காதில் விழாதவள் போலப் பிளக்கைத் தட்டி "இரு" என்பாய். என்னிடமா, லைனிடமா, எனக்கு இன்றுவரை தெரியாது. சில நாட்கள் உன்னோடு பேசாமல் வேலை பார்த்தேன். உன் வேலை நிரந்தரமாகவில்லை, அதற்குச் சூப்பர்வைசர் நல்ல வார்த்தை எழுத வேண்டும். இந்தப் பைத்தியக்காரி தன் சோற்றில் தானே மண் போட்டுக்கொள்கிறாளே என்றுதான் எனக்கு ஆத்திரம்.

கடைசியில் ஒரு நாள் சூப்பர்வைசர் நேராக வந்து உன் பக்கத்தில் நின்றார். அவர் கெட்டவர் இல்லை. காலையில் வரதராஜப் பெருமாளைச் சேவிக்காமல் ஆபீசுக்கு வராதவர், உத்தரவு என்றால் உத்தரவு என்று வாழ்ந்தவர். மெக்கானிக்கையும் கூடவே அழைத்து வந்திருந்தார். இல்லாத லைனுக்கு எதற்குப் பெயர், எடு என்றார். கையைப் பிளக்கின்மேல் வைத்துவிட்டார். நீ ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாய்.

"சார், உங்க பெருமாள் ஒருத்தர் கொளத்துக்குள்ள படுத்துக்கினு இருக்காரு. நாப்பது வருசத்துக்கு ஒரு வாட்டிதான் வெளிய வர்றாராம். அதுவரிக்கும் அவர் இல்லன்னு யாராச்சும் பேரை எடுத்தாங்களா சார்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போகிறவள், அவரிடம் போய் அத்தி வரதரைப் பேசுகிறாயே, உனக்கு எங்கிருந்துதான் இப்படி வாய் வந்தது? அவர் பிளக்கிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். தம் மேசைக்குப் போனார். மெக்கானிக் பின்னாலேயே போனார்.

நீ ஜெயித்துவிட்டதாக நினைத்தாய். நான் நினைக்கவில்லை. அவர் தாமல் சீட்டைத் தொடவில்லை. உன்னைப் பற்றி மேலே எழுதினார். உத்தரவுக்கு அடங்கவில்லை, பேச்சில் மரியாதை இல்லை. பிற்பாடு நான் தனியாகப் போய் அவரிடம் சண்டை போட்டபோது, நீ சொன்னது சரிதான் என்றும், ஆனால் அதைச் சொன்ன இடம் ஆபீஸ் என்றும் சொன்னார்.

தண்ணீர் வடிந்தது. உன் அப்பாவும் ஊர்க்காரர்களும் சேர்ந்து குழி எடுத்தார்கள், சாய்ந்த கம்பங்களைத் தோள் கொடுத்து நிமிர்த்தினார்கள், கம்பம் போதாத இடத்தில் பனைமரத்தை வெட்டி நட்டார்கள். உன் தெருவும் நிலக்காரர்கள் தெருவுமாக இரண்டு தெருக்காரர்களும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள் என்று லைன்மேன் வந்து ஆச்சரியமாகச் சொன்னார். பழுது என்று எழுதிக் கம்பியைக் கட்டினார். அன்றைக்குத்தான் உனக்கும் இனி வேலை இல்லை என்று உத்தரவு வந்தது. வேலை நேரம் எழுதும் பலகையிலிருந்து உன் பெயரைத் துணியால் துடைத்தார்கள். நீ டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவேன்.

டப்.

தாமல் ஷட்டர் விழுந்தது. அத்தனை நாளும் வெறும் துளையாக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்த அது. எடுத்தேன். உன் அப்பா, வயல் முழுக்கக் கேட்கிற குரலில், கேக்குதாம்மா, கேக்குதாம்மா என்றார். கேக்குதுப்பா என்றேன். திரும்பி உன்னைப் பார்த்தேன். ஓடி வந்து ஹெட்செட்டைப் பிடுங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டே, "இருக்கச் சொல்லுடி, வந்துக்கினே இருக்கேன்" என்றாய். பஸ்ஸில் தாமலுக்கே போகிறவள், போனில் எதற்கு என்று நினைத்தாயோ என்னவோ. அவரிடம் நான்தான் சொன்னேன், அவள் வருகிறாள் என்று. ஏன் வருகிறாள் என்று சொல்லவில்லை.

ஒரு ஊருக்குப் போனை வாங்கிக்கொடுத்துவிட்டு வேலையைப் பறிகொடுத்தாய். உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? இன்னும் போகவில்லை. சந்தோஷமும் அப்படித்தான், அதுவும் போகவில்லை.

அத்தோடாவது என்னை விட்டாயா? கொஞ்ச காலத்திலேயே தாமல் போஸ்ட் ஆபீசில் தபால் பிரிக்கவும் போனைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் தேவைப்பட்டது. போய் உட்கார்ந்துகொண்டாய். அதே லைனின் மறுமுனையில். அன்றிலிருந்து தாமல் ஷட்டர் ஓயாமல் விழ ஆரம்பித்தது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிறது என்று ஒரு தரம். ஆஸ்பத்திரிக்கு வண்டி வேண்டும் என்று ஒரு தரம். மற்றதெல்லாம் ஐயம்பேட்டை, சாப்டியா என்று. சூப்பர்வைசர் தம் மேசையிலிருந்தே, தாமலா என்பார். ஆமாம் சார் என்பேன். தலையை ஆட்டிக்கொண்டு காகிதத்தைப் பார்ப்பார்.

அதிலும் உன் பழக்கம் போகவில்லை. பேசிக்கொண்டே இருக்கும்போது யாராவது தபால் தலை கேட்டு வந்துவிடுவார்கள். நீ "இரு" என்று ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவாய். என் பிளக் இங்கே மாட்டிக்கொள்ளும். எனக்குக் கேட்பதெல்லாம் தாமலில் கோழி கத்துவது, யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடுவது, நீ யாரிடமோ சில்லறைக்குச் சண்டை பிடிப்பது. இங்கே ஷட்டர் விழுந்துகொண்டிருக்கும். பிடுங்கியிருக்கலாம். பிடுங்க மாட்டேன், கத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போர்டை மூடுகிற நாள் வரைக்கும் அப்படித்தான் நடந்தது. பிற்பாடு வீட்டுப் போன் வந்தது, கைப்பேசி வந்தது. உன் "இரு" மட்டும் மாறவில்லை.

சரி, செல்வியின் கடைக்கு வருகிறேன். கருவியைப் பிடுங்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று இந்த இயங்குதளத்துக்குச் சொல்லித் தர ஒரு விதிக் கோப்பு இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வரி எழுத வேண்டியிருந்தது: மெஷின் போய்விட்டால், அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் புரோகிராமின் கையை எடுத்துவிடு, திரும்பி வந்ததும் விட்ட அட்டையிலிருந்து ஆரம்பிக்கச் சொல். அதாவது, பிளக்கைப் பிடுங்கு. சூப்பர்வைசர் செய்ய வந்து செய்யாமல் போன காரியத்தை இத்தனை வருஷம் கழித்து என் கையால் எழுதினேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி. அந்தப் பிளக்கினால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதற்கு அடுத்தது இன்னொரு சொல். கருவியைப் பிடுங்கினாலும் பெயரை எடுக்காதே, பிடுங்கியதைக் கண்டுகொள்ளாமல் விடு என்று சொல்ல இந்தப் பழைய இயங்குதளத்தில் ஒரு வழி உண்டு. புதியவற்றில் அதை எடுத்துவிட்டார்களாம். எடுப்பார்கள், அவர்களுக்கென்ன. நான் அதைச் சேர்த்தேன். மெஷினுக்கு என்ன பெயர் வைப்பது என்று விதிக் கோப்பு கேட்டது. ஐ, ஆர், யூ என்று மூன்று ஆங்கில எழுத்தைத் தட்டினேன். சேர்த்துப் படித்துக்கொள்.

சோதிக்கலாம் என்று வயரைப் பிடுங்கினேன். பெயர் இருந்தது. மெஷினோடு பேசிப் பார்த்தேன். இப்போது கம்ப்யூட்டர் வேறு மாதிரி சொன்னது. அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சொல்லவில்லை. கருவி இல்லை என்று மட்டும் சொன்னது. வித்தியாசம் உனக்குத் தெரியும், அதற்காகத்தானே வேலையைப் பறிகொடுத்தாய். இது, ஆள் வெளியே போயிருக்கிறார் என்பது. முன்னது, அப்படி ஓர் ஆளே கிடையாது என்பது.

செல்வி எட்டிப் பார்த்தாள். "மெஷினே இல்ல, பேர் மட்டும் நின்னுக்கினு இருக்குதே அத்தை?" என்றாள். கம்பம்தான் சாய்ந்திருக்கிறது என்றேன். அவளுக்குப் புரியவில்லை. வயரைத் திரும்பச் சொருகினேன். மெஷின் ஒரு முறை உறுமிவிட்டு, விட்ட அட்டையிலிருந்து குத்த ஆரம்பித்தது. செல்வி போனை எடுத்துத் தறிக்காரரிடம் அட்டை சாயங்காலம் வந்துவிடும் என்று சொன்னாள். எனக்கு எழுந்து வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன ஆவணியில் நீ கடைசியாகப் போன் செய்தாய். மூட்டு வலி, அண்ணன் வீட்டு மருமகள், ஏரியில் தண்ணீர் இல்லை, எல்லாம் பேசினாய். பிறகு திடீரென்று, "ஐயம்பேட்டை, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கினே இருக்கேன்" என்றாய். சொல்லு என்றேன். வாசலில் கீரைக்காரி கூப்பிட்டாள். "இரு" என்றாய்.

ரிசீவரை மேசைமேல் வைப்பாயே, அது மாதிரி கைப்பேசியை எங்கோ வைத்துவிட்டுப் போய்விட்டாய். கீரைக் கட்டு இவ்வளவு சின்னதா என்று நீ கேட்டது காதில் விழுந்தது. உன் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கோழியும். நான் வழக்கம் போலத் திட்டிக்கொண்டே காதில் வைத்திருந்தேன். பிறகு உன் போனில் சார்ஜ் போய்விட்டது, லைன் தானாகவே நின்றது. மறந்திருப்பாய், நாளைக்குக் கூப்பிடுவாய் என்று நானும் விட்டுவிட்டேன். அடுத்த நாள் கூப்பிட்டது உன் அண்ணன் மகன். தூக்கத்திலேயே போய்விட்டாய் என்றான்.

சர்ச்சுக்கு வந்தேன், குழியில் மண் போட்டேன், உன் அண்ணி கையால் காபியும் குடித்தேன். எல்லோரும் அழுதார்கள். எனக்கு எரிச்சல்தான் முந்திக்கொண்டு வந்தது. என்ன சொல்ல வந்தாய் தாமல்? அதைச் சொல்லிவிட்டுக் கீரை வாங்கியிருக்கக் கூடாதா? சண்டையா, நன்றியா, ஏதாவது குழம்புப் பக்குவமா? அது தெரியாமல் இந்தப் பிளக்கை நான் எப்படிப் பிடுங்குவது? வேறு யாராவது "போயிட்டு வரேன்" என்று சொல்லியிருந்தால் சரி என்று விட்டிருப்பேன். நீ அதைச் சொல்லவில்லை.

இரு என்றாய். இருக்கிறேன்.

ஐயம்பேட்டை